லெசோத்தோவில் கற்றாழை பார்க்கப் போன கதை

நாள் 1

ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் லீவு என்றால் சிங்கம் பார்க்கப் போவார்கள், இல்லை கடலுக்குப் போவார்கள். நான் கற்றாழை பார்க்கப் போகிறேன் என்றதும் ஆபீசில் ஒரு நண்பன், "அதுக்கு உங்க ஊருக்கே போயிருக்கலாமே" என்று சிரித்தான். சிரித்தவன்தான் இப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

கிளம்பும் முன் சாத்தூருக்கு போன் போட்டேன். அம்மாவுக்கும் அதே சந்தேகம்.

"கத்தாழைய பாக்க மலை ஏறணுமாக்கும்? நம்ம நிலைவாசல்ல தொங்குதே, அது என்னவாம்?"

"இது வேறம்மா. இலை எல்லாம் சுழி மாதிரி சுத்தி இருக்கும். உலகத்துல அந்த ஒரு நாட்டு மலையிலதான் தானா முளைக்குது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி, வரும்போது ஒரு கன்னு பிடுங்கிட்டு வா."

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குள்ளும் அந்த ஆசை லேசாக இருந்தது. ஒரு சின்னக் கன்று, ஒரு தொட்டி, பால்கனி. யார் கேட்கப் போகிறார்கள் என்று.

செடியைப் பற்றி ரெண்டு வார்த்தை. தாவரவியல் பெயர் ஆலோ பாலிஃபில்லா, நிறைய இலை உள்ள கற்றாழை என்று அர்த்தம். 1934-இல் அந்தப் பெயரில் அறிவியலுக்கு வந்தது. லெசோத்தோவின் மலோட்டி மலைகளில், 2,200 மீட்டருக்கு மேலே, செங்குத்தான பாறைச் சரிவுகளில் வளர்வது. நம் ஊட்டி 2,240 மீட்டர். அதாவது ஊட்டியின் உயரத்தில்தான் இந்தச் செடிக்கு வீடே தொடங்குகிறது. அந்த நாட்டின் தேசிய மலர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். செசூட்டு மொழியில் பெயர் லெகாலா கரெட்சா.

தலைநகர் மசேரு வரைக்கும் நானூறு கிலோமீட்டர் சொச்சம். வழி நெடுக மக்காச்சோளக் காடு, தட்டை, அலுப்பு. எல்லையில் ஒரு ஆறு, ஒரு பாலம், ரெண்டு முத்திரை. தென்னாப்பிரிக்கா நாலு பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவில் தனியாக ஒரு நாடு. 1966 அக்டோபர் 4-இல் சுதந்திரம் வாங்கியது. முழு நாடுமே ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பது உலகத்தில் இது ஒன்றுதான். இங்கே பள்ளமான இடம் என்பதே 1,400 மீட்டர். கிட்டத்தட்ட ஏற்காட்டு உயரம்.

ஊர்களைச் சுற்றி வேலியாக ஆனைக்கற்றாழை. பார்த்ததும் சாத்தூர் ரயில் தண்டவாளம் ஞாபகம் வந்து, கேமராவைத் தூக்கிவிட்டேன். அது கற்றாழையே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு குடும்பம். நம் ஊரிலும் சரி இங்கேயும் சரி, வந்தேறிதான். தேடி வந்த செடிக்கு முன்னால் அதன் பெயரில் ஊரை ஏமாற்றுகிற ஆளைத்தான் முதலில் பார்த்தேன்.

ராத்திரிச் சாப்பாடு பாப்பாவும் மொரோகோவும். பாப்பா என்றால் மக்காச்சோளக் களி, மொரோகோ என்றால் கீரை. கொஞ்சம் பூண்டு தட்டிப் போட்டிருந்தால் எங்கள் பாட்டி வீட்டுச் சாப்பாடு.

நாள் 2

மசேருவிலிருந்து கிழக்கே மலை ஏறும் ரோடு. முதலில் ஒரு கணவாய், அதன் பெயர் லெகாலோ லா பரோவா. கணவாய்க்கு லெகாலோ, கற்றாழைக்கு லெகாலா. ஒரு எழுத்து மாறினால் வழி கேட்டவன் செடியிடம் போய் நிற்பான். அடுத்த கணவாய்க்குப் பெயர் மொலிமோ ந்தூசே. "கடவுளே காப்பாற்று" என்று அர்த்தமாம். நண்பன் அதைக் கேட்டுச் சிரித்தான். அடுத்த பத்து நிமிஷம் சிரிக்கவில்லை, முதல் கியரிலேயே போனான். மூன்றாவது கணவாய் 2,600 மீட்டருக்கு மேலே. காற்று காதை அறுத்தது. அக்டோபர் என்றால் இங்கே வசந்தம், ஆனாலும் தூரத்து முகட்டில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாய் ஏதோ தெரிந்தது, உறைபனிதான்.

வழியில் வீடுகளுக்கு மேலே நீளக் கம்பில் துணி பறந்தது. கட்சிக் கொடி என்று நினைத்தேன். இல்லை, வியாபாரம். வெள்ளைக் கொடி என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் சோளத்தில் காய்ச்சிய ஜோலா என்கிற பீர் தயார், சிவப்பு என்றால் கறி, பச்சை என்றால் காய்கறி. போர்டு எழுதும் செலவு மிச்சம்.

ஒரு வளைவு தாண்டியதும் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று பாதிதான். வாடகைக்கு வண்டி கொடுத்தவர்கள் ஆறு பக்கத்துக்கு எழுத்து எழுத்தாய்க் கையெழுத்து வாங்கினார்கள், ஒரு டயரைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லை. சரி, புலம்பி என்ன ஆகப் போகிறது, மாட்டிவிட்டு மெதுவாக உருட்டினோம். அந்த மெதுவால்தான் அடுத்ததைப் பார்த்தேன்.

ரோட்டோரம் மூன்று பையன்கள். தோளில் கம்பளி, காலில் கம்பூட்டு, கையில் தடி. ஆடு மேய்க்கும் பிள்ளைகள், பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். எங்களைப் பார்த்ததும் ஒருவன் பாறைக்குப் பின்னால் ஓடி, எதையோ ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

அதுதான். சுழல் கற்றாழை.

முதல்முதலாய் அதை நான் பார்த்தது மலையில் இல்லை, ஒரு பையன் கையில், வேரோடு. சோறு போடும் தாம்பாளம் அகலம். அடியில் வேர்கள் அறுந்து, மண் உதிர்ந்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மேலே மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி ஐந்து வரிசை இலைச் சுழியும் அப்படியே நின்றன. நண்பன் விலை கேட்டான், சும்மாதான் கேட்டான். பையன் சொன்ன தொகை ரெண்டு பேர் காபி குடிக்கிற காசு.

வாங்கவில்லை. யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள அல்ல, இதை வாங்குவது குற்றம் என்று தெரிந்திருந்தது. 1938-இலேயே இந்தச் செடிக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். காட்டிலிருந்து பிடுங்கியதை நாடு விட்டு நாடு விற்கக் கூடாது என்கிற சர்வதேசப் பட்டியலிலும் முதல் வரிசையில், புலி யானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பையனைத் திட்டவும் வாய் வரவில்லை. அவனுக்கு அது மலையில் சும்மா கிடக்கிற காசு. பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தோம். அவன் செடியைத் திரும்பப் பாறைக்குப் பின்னால் வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கப் போய்விட்டான். கண்ணாடியில் கொஞ்ச தூரம் தெரிந்தான்.

கன்று ஆசை அங்கேயே போய்விட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாள் 3

இன்றைக்கு நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கிய இடத்தில் ஒரு பெரியவரை வழிகாட்டியாக ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். இங்கே ஆண்களை "ந்தாத்தே" என்று கூப்பிட வேண்டும், அப்பா என்று அர்த்தம். பெண்களை "ம்மே", அம்மா. ம்மே மட்டும் எனக்கு முதல் நாளே சுலபமாக வந்துவிட்டது. ந்தாத்தேவுக்கு அறுபது வயது இருக்கும், சாம்பல் நிறக் கம்பளியைப் பெரிய ஊக்கால் குத்தி, கூம்புத் தொப்பி வைத்து, எங்களுக்கு முன்னால் குதிரையில் போனார். எங்களுக்கும் ஆளுக்கொரு மட்டக்குதிரை. பசுட்டோ குதிரை என்று பெயர் பெற்ற இனம், பாறையில் ஆடு மாதிரி கால் வைக்கிறது. என் குதிரை பள்ளத்தின் ஓரமாகவே நடந்தது, அதற்கு மட்டும் என்ன ஆசையோ.

கிளம்பும் முன் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: போனில் இடத்தைக் காட்டும் வசதியை அணைத்து வைக்க வேண்டும். படத்தோடு இடமும் போய்விட்டால் அடுத்த மாதம் யாராவது கடப்பாரையோடு வருவார்களாம். அதனால் எந்த மலை, எந்த ஊர் என்று நானும் எழுதவில்லை. கேட்டுச் செய்தி அனுப்ப வேண்டாம்.

ரெண்டு மணி நேரம் ஏறிய பிறகு குதிரைகளைக் கட்டிவிட்டு நடை. சரிவு என்றால் நம் வீட்டு மாடிப்படியை விடச் செங்குத்து. கறுப்புப் பாறை, எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட், நொறுங்கி நொறுங்கிக் கிடக்கிறது. கால் வைத்தால் சரளை ஓடுகிறது. கையை ஊன்றித்தான் ஏறினேன். அப்படி ஊன்றிய இடத்தில் ரெண்டு கல்லுக்கு நடுவே விரல் போனது, சில்லென்று தண்ணீர்.

எனக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. கற்றாழை என்றால் தண்ணீர் இல்லாத இடம், கரிசல், முள், வெயில் என்றுதானே பழகியிருக்கிறோம். இங்கே கல்லுக்குக் கீழே விடாமல் நீர் கசிந்துகொண்டிருக்கிறது. மழையும் நிறைய, கோடையில் மூடுபனியும் நிறைய, குளிர்காலத்தில் உறைபனி மேலேயே மூடிக்கொள்ளும். அத்தனை தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டு தேங்காது, சரிவு அப்படி. ந்தாத்தே தன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இதுக்குக் குடிக்கணும், ஆனா காலு நனைஞ்சுக்கிட்டே நிக்கக் கூடாது."

அவர் கையைக் காட்டிய பக்கம் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புல், பாறை, புல். அப்புறம் ஒரு வட்டம் தெரிந்தது. ஒன்று தெரிந்ததும் சட்டென்று பத்து தெரிந்தன.

சரிவோடு சாய்ந்து, முகத்தை வெளியே திருப்பி, சுவரில் மாட்டிய தட்டு மாதிரி நின்றன. பெரியதற்கு என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, அதற்கு மேலும் ஒரு சாண் அகலம். மண்டி போட்டு ஒன்றின் முன்னால் உட்கார்ந்தேன். இலை ஒவ்வொன்றும் முக்கோணம், தடித்தது, சாம்பல் பூத்த பச்சை. ஓரத்தில் வெளுத்த குட்டிப் பற்கள். நுனி மட்டும் கத்தரிப்பூ கலந்த கறுப்பு, தீக்குச்சி எரிந்து அணைந்த மாதிரி காய்ந்திருக்கிறது. இலைகள் நடுவிலிருந்து ஐந்து வரிசையாகக் கிளம்பி, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வளைந்து போகின்றன. ஒரு வரிசையில் எண்ணினேன், இருபத்திரண்டு. பக்கத்து வரிசை எண்ணும்போது கண் சுற்றிவிட்டது, விட்டுவிட்டேன். நடுவில் இன்னும் விரியாத இலைகள் இறுக்கமாக ஒட்டியிருக்க, அவற்றின் மேல் முந்தின இரவுப் பனி ஒரு சொட்டு. காற்றுக்கு அது நடுங்கியது, விழவில்லை.

நண்பன்தான் கவனித்தான். "இது வலப்பக்கம் சுத்துது, அது இடப்பக்கம் சுத்துது பாரு." ஆமாம். எனக்கு உடனே சங்கு ஞாபகம். நம் கடலில் வலம்புரி கிடைத்தால் பூஜை போட்டுப் பெட்டியில் பூட்டுவோம், அவ்வளவு அபூர்வம். இங்கே வலம்புரியும் இடம்புரியும் பக்கத்துப் பக்கத்து வீடு. நாங்கள் பார்த்த பதினொன்றில் ஆறு ஒரு பக்கம், ஐந்து மறு பக்கம். ந்தாத்தேவிடம் எது ராசி என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

பாறை இடுக்கில் சின்னதாக நாலைந்து கன்றுகள். அவற்றில் சுழியே இல்லை! சாதாரணக் கற்றாழை மாதிரி, இலைகள் சும்மா அடுக்கி நிற்கின்றன. சில வருஷம் வளர்ந்து ஒரு அளவுக்கு வந்த பிறகுதான் சுற்றவே தொடங்குமாம். அப்போதுதான் நேற்றைய பையன் கையில் இருந்தது எனக்கு முழுசாக உறைத்தது. வாங்குகிறவனுக்குச் சுழி வேண்டும். சுழி வந்த செடி என்றால் பூக்கும் வயதுக்கு வந்த, இல்லை வரப்போகிற செடி. பூ விட்டு, விதை போட்டு, கீழே இடுக்கில் கன்று உண்டாக்க வேண்டியதைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். நம் சோற்றுக்கற்றாழை என்றால் பரவாயில்லை, பக்கக்கன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒன்றை எடுத்தால் நாலு வரும். இதற்கு அந்தப் பழக்கம் மிகக் குறைவு. விதையை நம்பித்தான் வம்சம்.

பூவும் இருந்தது, நாங்கள் வந்த நேரம் அப்படி. செப்டம்பர், அக்டோபரில்தான் பூக்கும். நடுவிலிருந்து ஒரு தண்டு, அடியிலேயே கிளை பிரிந்து, குத்துவிளக்கின் கிளைகள் மாதிரி, ஒவ்வொரு நுனியிலும் நெருக்கமாகப் பூக்கள். நிறம் ரோஜாவும் இல்லை சிவப்பும் இல்லை, வேகவைத்த இறால் நிறம். அபூர்வமாக மஞ்சளும் உண்டாம். பாறையில் ஒட்டிக்கொண்டு காத்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து விர்ரென்று ஒன்று வந்து தண்டில் உட்கார்ந்தது. தேன்சிட்டு. உடம்பு பூராவும் மயில் கழுத்துப் பச்சை மின்ன, வாலில் நீளமாய் ரெண்டு இறகு. வளைந்த மூக்கைப் பூவுக்குள் விட்டு எடுத்தபோது நெற்றியில் மஞ்சள் தூள். மகரந்தத்தைச் செடிக்குச் செடி கொண்டுபோவது இந்தச் சிட்டுதான் என்கிறார்கள். படம் எடுப்பதற்குள் போய்விட்டது. மறுபடி வரவில்லை.

இறங்கும் வழியில் ந்தாத்தே ஒரு குழியைக் காட்டினார். தட்டு அகலம், புதுக் குழி, ஓரத்தில் அறுந்த வேர் ரெண்டு. ஒன்றும் பேசவில்லை அவர். காலால் கொஞ்சம் சரளையைத் தள்ளி மூடிவிட்டு நடந்தார்.

வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வேரில் சூடு ஏறினால் ஆகாது, தொட்டியில் நீர் தேங்கினால் அழுகும், காயவிட்டால் வாடும். நம் வாசலில் தொங்குகிற கற்றாழையை நினைத்துக்கொண்டேன். அதைத் தலைகீழாகக் கட்டி, மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், படிகாரத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது, நுனியை மேலே வளைத்து சில சமயம் பூவும் விடுகிறது. ஊர் திருஷ்டி அத்தனையும் அது தாங்கும். இது அதே குடும்பம்தான், ஆனால் இந்தச் சரிவை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க மறுக்கிற ஜென்மம்.

நாள் 4

முழு நாளும் வண்டியில். தார் முடிந்து சரளை, சரளை முடிந்து குழி. இடுப்பு போயிற்று. எழுத ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர.

மொஹாலே அணையைத் தாண்டினோம். 145 மீட்டர் உயரத்துக்குப் பாறையைக் கொட்டிக் கட்டிய அணை. இதன் தண்ணீர் 32 கிலோமீட்டர் சுரங்கத்தில் கட்சே அணைக்குப் போய், அங்கிருந்து இன்னும் சுரங்கம் சுரங்கமாக வடக்கே தென்னாப்பிரிக்காவின் வால் ஆற்றுக்குப் போகிறது. 1986-இல் ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தம். அதாவது ஜோகன்னஸ்பர்க்கில் என் வீட்டுக் குழாயில் வருவதில் இந்த மலைத் தண்ணீரும் இருக்கிறது. நேற்று கல்லிடுக்கில் விரலைத் தொட்ட அந்தக் கசிவை ரெண்டு வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன், தெரியாமலே.

நாள் 5

கட்சே. 185 மீட்டர் உயரக் கான்கிரீட் சுவர், வில் மாதிரி வளைந்து நிற்கிறது. எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் பக்கத்துத் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். மொஹாலே பள்ளத்தாக்கில் தண்ணீர் நிரம்பும் முன், மூழ்கப் போகிற செடிகளைத் தோண்டிக் கொண்டுவந்து காப்பாற்றியதில் உண்டான பூங்கா இது. சுழல் கற்றாழை சரிவில் வரிசையாக இருக்கிறது, பெரியதும் சின்னதுமாக, கண் கொள்ளாமல். விதையிலிருந்து வளர்க்கிறார்கள். நாற்றுத் தட்டில் கட்டைவிரல் நகம் அளவு குட்டிகள், சுழிக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. உலகத்தில் வேறு இடங்களிலும் நர்சரிகள் விதையிலும் திசு வளர்ப்பிலும் இதை உண்டாக்கிச் சட்டப்படி விற்கின்றன, அதை வாங்கலாம், மலைக்கு நஷ்டமில்லை. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் முயற்சி செய்யுங்கள். சாத்தூர்க்காரர்கள் வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். பூங்காவில் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு செடி, பாதை போட்டு, வியர்வை இல்லாமல் பார்த்தும் முந்தாநாள் பார்த்த பதினொன்று மாதிரி இல்லை. மூச்சு வாங்கிப் பார்த்தால்தான் அழகு என்று சொல்ல வரவில்லை, அந்தச் சாய்வு இங்கே முழுசாக இல்லை, அவ்வளவுதான்.

திரும்பும் வழி மஃபிகா லிசியு கணவாய், 3,090 மீட்டர். நண்பனுக்குத் தலைவலி, எனக்குக் காது அடைப்பு. அங்கிருந்து கீழே இறங்க இறங்க சூடு ஏறி, எல்லையில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டோம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். படம் முன்பே அனுப்பியிருந்தேன்.

"கன்னு?"

"கொண்டு வரலம்மா. கொண்டு வந்தா ஜெயில். அதுவும் போக, நம்ம வெயிலுக்கு நாலு நாள் தாங்காது."

"நெழல்ல வச்சா?"

"தாங்காது."

"தொங்க விட்டா?"

"அய்யோ அம்மா."

"சரி சரி. அது எத்தன கை? எந்தப் பக்கமா சுத்துது?"

ஐந்து கை, ரெண்டு பக்கமும் சுற்றும் என்றேன். எதற்குக் கேட்கிறாள் என்று புரியவில்லை. இன்று காலையில் வாட்சப்பில் ஒரு படம் வந்தது. வாசல் தெளித்து, நடுவில் சுழிக் கோலம், இலை இலையாக, நுனிக்கு மட்டும் காவி. அழகாகத்தான் இருந்தது, ஆனால் எண்ணிப் பார்த்தால் ஆறு கை. கீழே குரல் செய்தி: "ஏய்யா, அஞ்சுக்குப் புள்ளி ஒத்து வரல. ஆறா போட்டுட்டேன்."